இந்தத் துணியை நான் விலக்க மாட்டேன்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் என் அண்ணன் மகன், ஊர்த்தலைவர் தௌஃபா அவர்களே! ஆலயத்தில் எங்களை அதட்டியும் அணைத்தும் நடத்தும் போதகர் ஐயா அவர்களே! பாயில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே! மரப்பட்டையைத் துணியாகத் தட்டித் தட்டி உள்ளங்கை காய்த்த என் தாய்மார்களே! ஆண்டவர் பெயரால் வணக்கம்.

நம் டோங்கா முன்னோர் பெரும்பாறைகளை நிறுத்திக் கட்டிய கல்வாசலருகே நட்ட பலகையைத் திறந்துவைக்க, தலைவரின் அத்தை என்ற மரியாதையில் என்னை அழைத்தீர்கள். ஆனால் அதை மூடியிருக்கும் பட்டைத்துணியை அளந்து வெட்டியவளும் நானே. அளக்கப் போனவள் எழுத்தையும் படித்துவிட்டேன். "கட்டியவர் யாரோ? வானிலிருந்து வந்தவர்களாகவும் இருக்கலாம்!"

வானிலிருந்தா? அப்படியானால் கயிறு திரித்த கை யாருடையது? கல் சுமந்து கன்றிய தோள் யாருடையது? அத்தனை பேருக்கும் கிழங்கு அவித்தவள் எந்த நட்சத்திரத்துக்காரி?

யாரங்கே சிரிப்பது? ஒகுசித்தினோவா? போன புயலில் கடல் எறிந்த பாறை ஆலயப் பாதையை அடைத்தபோது, இடுப்புத்துணி அவிழ்ந்தும் கயிற்றை விடாதவன் நீதானே, தம்பி! இழுத்தவர்கள் எண்பத்து நான்கு பேர். எண்ணித்தான் கறியை இலையில் பொதிந்து பொட்டலம் அவித்தேன். தென்னைநார்க் கயிறு, உருட்டக் கட்டை, ஊர் கூடிப் பாட்டு. பாறை நகர்ந்ததா இல்லையா?

கல்வாசலைப் படமெடுக்க வெளிநாட்டிலிருந்து வந்த டென்னிஸ் அன்று பக்கத்திலேயே நின்றார். "அம்மா, இன்னொண்ணு கெடைக்குமா?" என்று கேட்டு வாங்கித் தின்றார். தின்றவர் படத்தில் என்ன சொன்னார்? இவ்வளவு பெரிய கல்லை நகர்த்தி வாசல் கட்ட இந்த மக்களால் முடியாதாம்! இந்தப் பலகையும் அவர் உபயம்தான்.

நேற்றுத் தலைவரிடம் கேட்டேன்.

"ஏண்டா இப்படி?"

"விடுங்க அத்தை. மர்மம்னு போட்டாத்தான் ஆளு வரும்."

"உன்னைப் பெத்தது யாருன்னு கேட்டாலும் மர்மம்னு எழுதி வைப்பியா?"

செருப்பை மாட்டிக்கொண்டு நழுவிவிட்டார். இதோ, இப்போதும் பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருக்கிறார்.

வானிலிருந்து வந்தவர் ஒருவரைத்தான் நான் அறிவேன். அவரும் தச்சர் வீட்டில் வளர்ந்து, கையால் உழைத்து உண்டவர்!

நம் டோங்காவில் அத்தை சொல்லுக்கு அண்ணன் மகன் மறுசொல் சொல்வதில்லை. நாற்பது ஆண்டுகளாக அந்த உரிமையை விருந்தில் நல்ல கறித்துண்டு வாங்க மட்டுமே பயன்படுத்தினேன். இன்று இதற்குப் பயன்படுத்துகிறேன். இந்தத் துணியை நான் விலக்க மாட்டேன். பலகையையே பிடுங்குவேன்!

கயிறு எங்கே? ஒகுசித்தினோ, இடுப்புத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு எழு. தலைவரே, முன்கயிறு உங்களுக்கு.

பொறுத்துக் கேட்ட அவைக்கு நன்றி. இழுக்க எழுந்துவிட்ட கைகளுக்கு என் வணக்கம். காலையிலேயே எண்பத்து நான்கு பொட்டலம் மண்ணடுப்பில் வைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன்!