மத்தியானப் பூட்டு

சேவந்தா: …போர்டை நானும் படிச்சேன் பாவு, வாட்ச்மேன் அண்ணே. காலையில அஞ்சுலருந்து பத்து. சாயங்காலம் நாலுலருந்து ஒம்பது. நடுவுல இந்தப் பூங்கா யாருக்காம்?

பபன்: யாருக்கும் இல்ல. புல்லு ஓய்வெடுக்கும்.

சேவந்தா: புல்லுக்கு ஆறு மணி நேரம் ஓய்வு. அஞ்சு வீட்டுப் பாத்திரம் தேய்ச்சவளுக்கு?

பபன்: தாதர் ஸ்டேஷன் படியில உக்காரு. தினம் அங்கதான பாக்கரி ரொட்டிய பிரிப்ப?

சேவந்தா: நேத்து போலீஸ்காரன் லத்தியால தட்டி எழுப்பிட்டான்.

பபன்: கடற்கரைக்குப் போயேன். நல்ல காத்து…

சேவந்தா: பன்னெண்டு மணி மணல்ல நீங்க உக்காந்து காட்டுங்க. பாக்கரிய இன்னொரு தடவ சுட்டுக்கலாம்.

பபன்: வாய் இருக்கே உனக்கு! இந்தா பாரு, சாவி எங்கிட்ட இல்ல.

சேவந்தா: அப்ப பத்து மணிக்குப் பூட்டினது பேயா?

பபன்: …ஆபீஸ்ல போய் மனு குடு.

சேவந்தா: குடுத்தாச்சு. நாப்பத்தி மூணு கையெழுத்து. வீட்டு வேலைக்காரிங்க, டிரைவருங்க, கூரியர் பசங்க…

பபன்: அடேயப்பா! என்ன சொன்னாங்க?

சேவந்தா: இன்னைக்கு ஒரு மணிக்கு ஒரு சாகேப் வர்றாராம். மத்தியானத்துல உள்ள எத்தனை பேர் உக்கார்றாங்கன்னு எண்ணுவாராம்.

பபன்: பூட்டின பூங்காவுலயா?

சேவந்தா: அதைத்தான் கேட்டேன். யாரும் இல்லன்னா ‘தேவையில்ல’ன்னு எழுதிடுவாராம். மணி இப்ப பன்னெண்டே முக்கால். எந்திரிங்க ஸ்டூல விட்டு.

பபன்: என் வேலை போயிடும் சேவந்தா. ஒருத்தரக்கூட விட்டதில்ல நான்.

சேவந்தா: ஒருத்தரக்கூட?

பபன்: என் பொண்ணு மேல சத்தி… சத்தியமெல்லாம் எதுக்கு.

சேவந்தா: அந்த மகிழ மரத்தடியில பச்சையா என்னமோ தெரியுது…

பபன்: அது… தோட்டக்காரன் துண்டு.

சேவந்தா: துண்டு வளையல் போட்டிருக்கு. சரி விடுங்க. மனுவுல முதல் கையெழுத்து யாரோடதுன்னு கேக்கலியே? இந்தாங்க, நகல்.

பபன்: கமல்… பபன்… மானே. ஏ! என் பொண்டாட்டி! அவளுக்கு என்ன குறை? தினம் உள்ளதான உக்கார வெக்கிறேன்…

சேவந்தா: துண்டு எழுந்து உக்காந்துருச்சு பாருங்க.

பபன்: சும்மா இரு. அவளும் நாலு வீடு பாத்துட்டு வர்றா. எங்க போவா?

சேவந்தா: அதேதான் பாவு. நாங்க எங்க போவோம்? ‘நான் நிழல்ல, நீங்க கம்பிக்கு வெளியில… வாயில வெச்சது எறங்கல’ன்னு கமல் வயினியே வந்து சொன்னாங்க. மனு எழுதினது அவங்கதான்.

பபன்: எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல…

சேவந்தா: சொல்லியிருந்தா மனு போயிருக்குமா? தெருமுனையப் பாருங்க. டப்பாவோட எல்லாரும் வந்தாச்சு.

பபன்: …சரி. போனா போகுது வேலை. இரு, சாவி… இந்தப் பையிலதான போட்டேன்… எங்க போச்சு?

சேவந்தா: நீங்க சொன்னது நெசந்தான் பாவு, சாவி உங்ககிட்ட இல்ல. உள்ள போறப்பவே வயினி உருவிட்டாங்க. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, உங்க முதுகுக்குப் பின்னால அவங்கதான் கேட்டத் திறந்துட்டிருக்காங்க.