அப்பாவின் கடைசி லாடம்

களிமண் குழியை ஈரமாக வைத்திருப்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை. முந்தின நாள் சாயங்காலம் தண்ணீர் ஊற்றிக் கொத்திவிட்டு, ஈரச் சாக்கைப் போட்டு மூடிவிட வேண்டும். காலையில் சாக்கை விலக்கினால் மண் பிசைந்து வைத்த மாவு மாதிரி இருக்கும். ஆட்டத்தில் எறிகிற குதிரை லாடம் துள்ளாது, விழுந்த இடத்திலேயே உட்கார்ந்துகொள்ளும். நோர்ட்விக் மைதானத்தில் மூன்று வருடமாக அந்த வேலை என்னுடையது. மண் அறிவியலில் பட்டம் வாங்கியவளுக்கு ஊர் பார்த்துக் கொடுத்த உத்தியோகம்.

"படிச்ச படிப்பு வீணாப் போகல, பாருங்க," என்று அப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார். எல்லாரும் சிரிப்பார்கள். நீங்களும் சிரித்திருக்கிறீர்கள், ரோஜர். போலீஸ் சட்டையைப் போட்டுக்கொண்டால் அது இல்லையென்று ஆகிவிடாது. குற்றமாகச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டியது நான் ஒருத்திதான். சிரிப்பு வரும்தான்.

நான் ஏன் உடனே புள்ளி சொல்லவில்லை என்று கேட்டீர்கள். சொல்லுகிறேன். இந்தப் பதிவைக் கேட்கப்போகிறவர் நகரத்துக்காரர் என்றீர்கள். அவருக்காக ஆட்டத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அத்தனை பேரும் வேலி ஓரம் மரம் மாதிரி நின்றது அவருக்குப் புரியாது.

எழுபது வயது தாண்டியவர்கள் முப்பது அடியிலிருந்து எறிவார்கள். ஆளுக்கு இரண்டு லாடம். இரும்பு முளையைச் சுற்றி மாட்டினால் அது ரிங்கர், மூன்று புள்ளி. மாட்டாமல் முளைக்குப் பக்கத்தில் கிடந்தால் ஒன்று. முதலில் நாற்பதைத் தொடுகிறவர் ஜெயித்தவர். இது எல்லா ஊரிலும் உள்ளது. எங்கள் ஊரில் மட்டும் இன்னொன்று உண்டு. மூத்தவர்களுக்குக் கண்ணில் புரை, வாயில் சண்டை. மாட்டியதா இல்லையா என்று லாடத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அடித்துக்கொண்ட காலம் இருந்தது. அதனால் புள்ளி எழுதுகிறவர், அதுவும் நான்தான், எழுந்து வந்து, குனிந்து பார்த்து, உரக்கச் சொல்ல வேண்டும். சொல்லும்வரை ஆட்டக்காரர்கள் இருவரைத் தவிர வேறு யாரும் குழியைச் சுற்றிக் கட்டிய கயிற்றைத் தாண்டக்கூடாது. யார் கால் உள்ளே பட்டாலும், அவர் எந்த ஆட்டக்காரருக்கு வேண்டியவரோ அந்த ஆட்டக்காரருடைய லாடம் செல்லாது.

என் அண்ணன் டேலுக்கு இது நன்றாகத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் அரையிறுதியில் அப்பாவின் லாடம் மாட்டியதைப் பார்த்ததும் இவன் சந்தோஷத்தில் கயிற்றைத் தாண்டிக் குதித்துவிட்டான். நான் புள்ளி சொல்ல வாயைத் திறந்துகொண்டிருந்தேன். லாடம் போயிற்று, ஆட்டமும் போயிற்று. அந்தக் குளிர்காலம் முழுக்க அப்பா அவனிடம் பேசவில்லை. கிறிஸ்துமஸ் சாப்பாட்டில் உருளைக்கிழங்குத் தட்டை அவன் தலைக்கு மேலாக அடுத்த நாற்காலிக்குக் கொடுத்தார். நாற்பத்தாறு வயது ஆம்பிளை, பால்பண்ணை வைத்து நடத்துகிறவன், கொட்டகைக்குப் போய் அழுதுவிட்டு வந்தான். இந்தத் தடவை அவன் ஏன் உள்ளே வரவில்லை என்று அவனைக் குடைய வேண்டாம். அவன் நல்லவன்.

அப்பாவுக்கு சாம்பியன் பட்டம் எவ்வளவு முக்கியம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் மைதானத்தில் நடக்கிற மாநில மூத்தோர் போட்டியில் நான்கு முறை இறுதி ஆட்டம் வரை போய் நான்கு முறையும் தோற்றவர். அதில் மூன்று முறை ஓரின் ஸ்டென்ஸ்கார்டிடம். ஓரின் வாய் சும்மா இருக்காது. அப்பா லாடத்தைச் சரிபார்க்க எப்போதும் ஒற்றை முழங்காலில் மண்டியிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். உடனே ஓரின் ஆரம்பிப்பார்.

"டேய் வெர்லின், மறுபடியும் முளைகிட்ட மண்டி போட்டுக் கல்யாணம் பேசுறியா? அது ஒத்துக்காதுடா. நாலு தடவை முடியாதுன்னு சொல்லிருச்சில்ல."

அப்பா திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். "உன்னக் கட்டிக்கிட்டவ ஒத்துக்கிட்டாளே, அத விடவா அதிசயம்?" என்பார். கூட்டம் சிரிக்கும். ஆக, அப்பா குழியில் மண்டியிட்டால் அது பயப்படுகிற காட்சி இல்லை. சிரிக்கிற காட்சி.

அடுத்து அவருடைய நெஞ்சு. முதல் வலி நிஜம். மூன்று வருடத்துக்கு முன்பு, அம்மா இறந்துபோன அதே வசந்தத்தில் வந்தது. நான் படிப்பை முடித்த கையோடு வீட்டுக்கு வந்தேன். கொஞ்ச நாளைக்கு என்றுதான் வந்தேன். மருத்துவர் நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை கொடுத்தார். அந்தக் குப்பியைச் சட்டையின் இடது பையில் வைத்திருப்பார். அதற்குப் பிறகு வந்த வலிகள் எனக்கு வேலை விளம்பரம் வருகிற நேரமாகப் பார்த்து வந்தன. என் பெட்டி கட்டிலுக்கு மேலே ஏறினால் அவர் கை நெஞ்சுக்கு மேலே ஏறும். நான் பெட்டியைக் கீழே இறக்குவேன், அவர் எழுந்து காபி கேட்பார்.

ஆனாலும் விண்ணப்பம் போட்டேன். மூன்று இடம். மூன்றும் மண் பரிசோதனைக் கூடங்கள், எல்லாம் தூரத்தில். எங்கள் பண்ணையில் செல்போன் எடுக்காது, அதனால் வீட்டுத் தொலைபேசி எண்ணைக் கொடுத்திருந்தேன். ஒன்றிலிருந்தும் பதில் வரவில்லை. ஒவ்வொரு முறையும் அப்பாதான் ஆறுதல் சொன்னார். தன் கையால் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக் கொடுத்தார்.

"விடும்மா. அவங்க பாக்குற தகுதி வேற. நம்ம வீட்டுல யாரு அந்த மாதிரி இடத்துக்குப் போயிருக்கா? உன் மேல தப்பில்ல."

நம்பினேன். மூன்று வருடம் நான் லாயக்கில்லாதவள் என்று முழுசாக நம்பினேன், ரோஜர். கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்து, பரவாயில்லை, குழிக்குத் தண்ணீர் ஊற்றவாவது வருகிறதே என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

போன ஜூலையில் ஆரிகன் மாநிலத்தில் உள்ள கூடத்துக்கு மறுபடியும் விண்ணப்பிக்கலாமா என்று கேட்க நானே கூப்பிட்டேன். எடுத்த அம்மாள் என் பெயரை ஞாபகம் வைத்திருந்தார்.

"மாரிட் ஹாகேயா? உங்களைத்தானே முதல்ல எடுத்தோம். உங்கப்பா பேசினாரே. உங்களுக்குக் கல்யாணம், வர முடியாதுன்னாரு. எவ்வளவு மரியாதையான மனுஷன். நல்லா இருக்காரா?"

நல்லா இருக்காரு என்றேன். மற்ற இரண்டு இடத்துக்கும் கூப்பிட்டேன். இரண்டிலும் வேலை கொடுத்திருந்தார்கள். ஒரு இடத்தில் எனக்கு வேறு வேலை கிடைத்துவிட்டதாகச் சொல்லியிருந்தார். இன்னொரு இடத்தில் காரணம்கூடச் சொல்லவில்லை. வரமாட்டாள் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாராம்.

நான் பேசி முடித்தபோது கொட்டகைக்குப் பின்னால் அவர் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார். முளையில் இரும்பு படுகிற சத்தம் சமையலறை வரைக்கும் கேட்டது. அன்று நன்றாக எறிந்தார். நான் பாத்திரம் கழுவினேன். அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார், நான் மாத்திரைக்கு ஓட வேண்டும். ஓடி அலுத்துவிட்டது.

போட்டி அன்று காலையில் சங்கத்தின் பச்சைச் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தேன். மாத்திரைக் குப்பியை எடுத்துக் காரின் டேஷ்போர்டுப் பெட்டியில் வைத்தேன். நீங்கள் அங்கேதான் கண்டெடுத்தீர்கள். "மறந்துட்டேன்னு சொல்லிடும்மா, அதோட முடிஞ்சிரும்" என்று சற்று முன் சொன்னீர்களே, அந்த மனசுக்கு நன்றி. ஆனால் நான் மறக்கிற ஆள் இல்லை.

இறுதி ஆட்டத்துக்கு முன்னால் அப்பா கேட்டார். "மாத்திரை எடுத்து வச்சியாம்மா?"

"வச்சேன்பா."

அதில் பொய் ஒன்றும் இல்லை. எங்கே என்று அவர் கேட்கவில்லை. வண்டி மைதானத்துக்குள்தான் நின்றது. எல்லாமே கைக்கெட்டுகிற தூரம்தான். அன்றைக்கு வலி வரும் என்று எனக்கு எப்படித் தெரியும்? வெயில் அதிகம், அது தெரியும். காலையிலிருந்து அவர் காபியைத் தவிர வேறு எதுவும் குடிக்கவில்லை, அதுவும் தெரியும். ஓரினுக்கு அவர் மனைவி நிமிஷத்துக்கொரு தரம் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். என் பக்கத்திலும் ஒரு ஜாடி இருந்தது. குழிக்குத் தெளிக்க வைத்திருந்தது.

ஓரின் முப்பத்தெட்டு, அப்பா முப்பத்தேழு. ஓரினுடைய லாடம் ஒன்று தாண்டிப் போயிற்று. இன்னொன்று முளையில் பட்டு உருண்டு ஓடியது. "போச்சு போ, உனக்காக விட்டுக் குடுத்தேன்டா," என்றார். அப்பாவின் முதல் லாடமும் விலகி விழுந்தது. அவர் தொடையில் கையை ஊன்றிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். முகம் பழைய சுண்ணாம்புச் சுவர் மாதிரி இருந்தது. அது நடிக்கிற முகம் இல்லை. நடிக்கிற முகத்தை நான் மூன்று வருடம் பார்த்திருக்கிறேன், எனக்கு வித்தியாசம் தெரியும். அவர் நடிக்கிறார் என்று நான் நினைத்ததாக டேல் உங்களிடம் சொல்லியிருப்பான். என்னைக் காப்பாற்றச் சொல்கிறான். நீங்கள் அப்படி எழுத வேண்டாம்.

கடைசி லாடத்தை எறிந்தார். முளையில் பட்டுச் சுழன்று கீழே விழுந்தது. தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு மாட்டியதா, சாய்ந்து கிடக்கிறதா என்று தெரியாது. அப்பா நடந்து போனார். மெதுவாகத்தான் போனார். முழங்காலை மடித்து மண்டியிட்டார்.

"முளை இந்தத் தடவையாவது சரின்னு சொல்லுச்சாடா?" என்றார் ஓரின். கூட்டம் சிரித்தது. நீங்கள் வேலி ஓரம் கையில் சோளக்கதிரோடு சிரித்ததைப் பார்த்தேன்.

நான் எழுந்து போய்ப் பார்த்தேன். நேர்க்கோலைக் கையில் எடுத்துக்கொண்டு அவருக்கு எதிரே குத்த வைத்து உட்கார்ந்தேன். லாடத்தின் இரண்டு முனைக்கும் குறுக்கே கோலை வைத்தால் அது முளையில் படக்கூடாது, படாவிட்டால் ரிங்கர், அதுதான் கணக்கு. அப்பாவின் கை சட்டைப் பைக்குள் போனது, துழாவியது, வெறுமையாக வந்தது. என்னைப் பார்த்தார். மாத்திரை எங்கே என்று கேட்பார் என்று நினைத்தேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

அவர் கேட்டது வேறு. கண்ணில் வேர்வை இறங்கியிருந்தது, புரை வேறு. லாடம் இருக்கிற இடமே அவருக்குச் சரியாகத் தெரியவில்லை.

"மாட்டிருக்காம்மா?"

"பாத்துட்டு இருக்கேன்பா," என்றேன்.

கோலை எடுத்துத் துடைத்தேன். திரும்பவும் வைத்தேன். தலையைச் சாய்த்து அந்தப் பக்கமிருந்து பார்த்தேன். இந்த விஷயத்தில் யாரும் என்னை அவசரப்படுத்த முடியாது. இறுதி ஆட்டம், ஒரு லாடத்தில் நிற்கிறது. ஓரின்கூட வாயை மூடிக்கொண்டு தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். வேலிப் பக்கமிருந்து டேல் குரல் கொடுத்தான்.

"அப்பா, உங்களுக்கு ஒண்ணுமில்லையே? நான் வரட்டுமா?"

அவனுடைய ஒரு கால் கயிற்றுக்கு மேலே வந்துவிட்டது. அப்பா திரும்பாமலே கையை உயர்த்தித் தடுத்தார்.

"உள்ள வராதடா. இன்னும் புள்ளி சொல்லல."

டேல் காலை எடுத்துக்கொண்டான். அப்பா கை கீழே வந்து முளையைப் பிடித்துக்கொண்டது. "சொல்லும்மா," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "மாரிட், சொல்லிரும்மா," என்றார். இதற்கு முன்னால் அவர் என்னிடம் எதையும் இரண்டு தரம் கேட்டதில்லை. பிறகு நெற்றியை முளையில் சாய்த்துக்கொண்டார். பார்க்கிறவர்களுக்கு அவர் இன்னும் நன்றாகக் குனிந்து பார்க்கிற மாதிரிதான் இருந்திருக்கும். நான் அவர் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நின்றுவிட்டது என்று தெரிந்த பிறகும் சற்று நேரம் கோலை வைத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் எழுந்து நின்று உரக்கச் சொன்னேன். "ஒரு ரிங்கர். மூன்று புள்ளி. ஹாகே நாற்பது."

எல்லாரும் கை தட்டினீர்கள். ஓரின் தொப்பியைத் தூக்கி எறிந்தார். கை தட்டி முடிகிற வரைக்கும் ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

மாத்திரையைப் பற்றித்தான் நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். சட்டத்துக்கு அது போதும் என்றால் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் நான் செய்தது அது இல்லை. அந்த லாடம் மாட்டியிருந்ததைக் குத்த வைத்து உட்காருவதற்கு முன்னாலேயே பார்த்துவிட்டேன். கோலே தேவையில்லை. அத்தனை சுத்தமான ரிங்கர்.

கேடயத்தைச் சவப்பெட்டிக்குள் வைத்துப் புதைக்கலாமா என்று டேல் கேட்டு அனுப்பியிருக்கிறான். வைக்கட்டும். அப்பா ஜெயித்தது இப்போது மாநிலத்துக்கே தெரியும். அவருக்குத்தான் தெரியாது.