ஏழாவது கட்டை

பூவரசங்கட்டையில் தூள் அதிகம் வரும் அய்யா. மூக்கில் துணி கட்டிக்கொண்டு அறுத்தாலும் சாயங்காலம் காறித் துப்பினால் மஞ்சளாகத்தான் விழும். எனக்குப் பதினோரு வருஷமாக அப்படித்தான். நான் சொல்லச் சொல்ல ஸ்டேஷன் ரைட்டர் எழுதிக்கொள்வார் என்றீர்கள். நானே எழுதுகிறேன் என்று காகிதம் கேட்டு வாங்கினேன். நாற்பத்திரண்டு வயதில் முதியோர் வகுப்பில் படித்த எழுத்து. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

திண்டிவனத்தில் சீனுவாசன் முதலாளியின் மரப்பட்டறையில் எனக்கு வட்ட ரம்பத்தில் வேலை. எண்பத்து நாலு தை மாதம் பாண்டிச்சேரிக்காரர் ஒருவர் பிள்ளைகள் விளையாடும் கட்டைகளுக்கு ஆர்டர் கொடுத்தார். முக்கால் அங்குலத்தில் சின்னச் சின்ன சதுரக்கட்டைகள் அறுக்க வேண்டும். அவற்றை வஜ்ஜிரம் போட்டு ஏழு துண்டுகளாக ஒட்ட வேண்டும். ஒரு துண்டில் மூன்று கட்டை, மற்ற ஆறிலும் நாலு நாலு. ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக மடங்கியிருக்கும். ஏழையும் சரியாகச் சேர்த்தால் ஒரே பெரிய சதுரக்கட்டையாக நிற்கும். அப்படிச் சேர்த்துப் பார்த்துத்தான் பெட்டியில் இறக்க வேண்டும் என்பது ஆர்டர்.

அந்த வேலைக்கு ஜன்னலோரம் ஒரு பெஞ்சு போட்டார் முதலாளி. தூள் கிடையாது. உட்கார்ந்து செய்யலாம். யார் அடுக்குகிறார்களோ அவர்களுக்குப் பெஞ்சு என்றார். வயதில் மூத்தவன் என்று முதலில் என்னிடம்தான் கொடுத்தார். ஆறு துண்டு உட்கார்ந்துவிடும். ஏழாவதற்கு இடம் இருக்கும், அதன் உருவத்தில் இருக்காது. மத்தியானம் வரை பார்த்துவிட்டுக் கொளஞ்சியிடம் நீட்டினார். கொளஞ்சி ஒட்டு வேலைக்காரன், இருபத்தாறு வயது, கையெழுத்துகூடப் போடத் தெரியாது. டீ ஆறுவதற்குள் அடுக்கிவிட்டான்.

நான் விடவில்லை. ஒரு செட்டை வீட்டுக்கு எடுத்துப்போனேன். துண்டுகளுக்கு நம்பர் போட்டு நோட்டில் எழுதிப் பார்த்தேன். எழுத்து அப்படித்தான் எனக்கு வந்தது, ஒன்றோடு ஒன்று சேர்த்தால் வார்த்தையாகிவிடும். இது ஆகவில்லை. இரண்டு மாதம் ஆகவில்லை.

"என்னாண்ணே, கனவுலயும் அடுக்கிக்கினு இருந்தியா? கண்ணு செவந்து கெடக்குது" என்பான் கொளஞ்சி.

"யோவ் பெரியதம்பி, ஒனக்கு எதுக்குய்யா இந்த பேஜாரு? அறுக்கறத அறு" என்பார் முதலாளி.

கொளஞ்சி சொல்லிக்கொடுக்கவில்லை என்று சொல்லமாட்டேன். இருபது தடவையாவது என் எதிரில் அடுக்கினான். கடைசியில் என்ன நினைத்தானோ, "நீ இருமறது எனக்கே ஒரு மாதிரியா கீதுண்ணே. ஒரு வாரம் நீ உக்காரு. நான் ரம்பத்துல நிக்கறேன். மொதலாளிக்குத் தெரியாம சாயங்காலமா வந்து அடுக்கிக் குடுத்துடறேன்" என்றான். அவன் அதைச் சொல்லியிருக்க வேண்டாம் அய்யா. மற்றதெல்லாம் நான் தாங்கிக்கொண்டேன்.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. துண்டு இடித்தால் அடுக்குகிறவனே ரம்பத்துக்கு வந்து சீவிக்கொள்ள வேண்டும். எந்தப் பக்கம் இடிக்கிறது என்று அவனுக்குத்தானே தெரியும். சின்னத் துண்டைக் கையால் பல்லுக்கு அருகில் கொண்டுபோகக் கூடாது என்று ஒரு தள்ளுகட்டை வைத்திருந்தோம். அதை நான் டீ அடுப்பில் வைத்து எரித்தேன். பிறகு அளவுக்கட்டையை ஒரு நூல் தள்ளி வைத்து அறுக்க ஆரம்பித்தேன். ஒரு நூல்தான், அரைக்கால் அங்குலம், அதற்கு மேல் இல்லை.

தினம் இரண்டு தடவை ரம்பத்துக்கு வந்தவன் முப்பது தடவை வர ஆரம்பித்தான்.

"ரம்பம் ஆடுதாண்ணே?"

"கட்டை ஈரம்" என்றேன்.

பதினேழாம் நாள் அவனுடைய வலது கையில் மூன்று விரல் போயிற்று. துண்டைத் தானே வைத்தான், தானே தள்ளினான். நான் இரண்டு முழம் தள்ளி நின்றேன். அவனை விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் நான்தான். வழியெல்லாம் என் தோளில்தான் சாய்ந்திருந்தான்.

பெஞ்சு எனக்கு வந்தது. நாலு நாள் உட்கார்ந்தேன். ஒரு பெட்டிகூட மூடவில்லை. ஐந்தாம் நாள் ஏழு துண்டையும் துணியில் முடிந்துகொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். சொல்லிக் கொடு என்று கேட்டேன். அவன் சிரித்தான். மருந்து பாட்டில் வைக்கிற பலகையில் பரப்பி, இடது கையால் அடுக்கினான். டீ ஆறுவதற்குக் கொஞ்சம் மேல் ஆகியிருக்கும்.

"பாருண்ணே, இந்தக் கையும் ஜல்தியா கத்துக்கினு வருது" என்றான்.

நல்லது என்றேன். அவனுக்குச் சாத்துக்குடி உரித்துக் கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

ஆடியில் முதலாளி அவனைத் திரும்பக் கூப்பிட்டார். நான் ரம்பத்துக்குப் போனேன், அவன் பெஞ்சுக்கு வந்தான். மூன்றாம் நாள் ஒரு துண்டு இடித்தது. அது தானாக இடித்தது, அதில் என் வேலை எதுவும் இல்லை. ஒரு கையால் துண்டை அழுத்தி அறுக்க முடியாது. "அண்ணே, செத்த இப்டி புடியேன்" என்று அவன்தான் கூப்பிட்டான்.

கை வழுக்கிவிட்டது என்று முதலாளி உங்களிடம் சொல்லியிருக்கிறார். வழுக்கவில்லை. அவன் துண்டைப் பிடிக்கச் சொன்னான், நான் அவனுடைய இடது மணிக்கட்டைப் பிடித்தேன். அவன் என் முகத்தைப் பார்த்தான். கத்துவதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டான். நான் பிடியை விடவில்லை.

எனக்கு அவன்மேல் விரோதம் கிடையாது. யாரிடம் வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளுங்கள். அந்த ஏழு துண்டும் உங்கள் மேஜைமேல்தான் இருக்கிறது. கைவிலங்கைக் கொஞ்சம் தளர்த்திக் கொடுத்தால் அடுக்கிக் காட்டுகிறேன். இப்போது பக்கத்தில் அவன் இல்லை, வந்துவிடும்.