பல் மட்டும் சிரித்த படம்

நான் பொய்ப்பல் செய்கிறவன். நாள் முழுக்க மற்றவர்களின் சிரிப்பை உப்புத்தாள் வைத்துத் தேய்த்துக்கொண்டிருப்பவன், மாலையில் கேமராவைத் தூக்கிக்கொண்டு வாயில்லாத எதையாவது, ஒரு மரத்தையோ மாடிப்படியையோ, படம் எடுத்தால் மனதுக்கு ஆறுதலாக இருக்கும். இதில் தப்பு ஒன்றும் இல்லையே.

நமது படக்குழுவை நான் ஆரம்பித்ததும் அந்த ஆறுதலுக்காகத்தான். இப்போது உறுப்பினர்கள் எல்லோரும் சேர்ந்து நிர்வாகியான என்னிடம் விளக்கம் கேட்டிருக்கிறீர்கள். கேட்க வேண்டியதுதான். நானும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நம் குழுவில் ஒரு படம் போட்டால் முதல் நாள் எடுத்தவர் பெயர் தெரியாது. மறுநாள்தான் தெரியும். பெயரைப் பார்த்து யாரும் ஜால்ரா போடக் கூடாது என்று நான் கொண்டுவந்த விதி அது. என் கண்ணை நானே குத்திக்கொள்ள இத்தனை நேர்த்தியான ஊசியை வேறு யாரும் செய்து தந்திருக்க முடியாது.

என் நண்பன் வெளிச்சத்தை உங்கள் எல்லோருக்கும் தெரியும். கல்யாணங்களுக்குப் படம் எடுப்பவன், சின்னதாக ஒரு ஸ்டுடியோ வைத்திருந்தான். யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் நலம் விசாரிக்கும் முன் "இங்க வெளிச்சம் எந்தப் பக்கம் இருந்து வருது?" என்பான். வெளிச்சம் என்ற பெயரே ஒட்டிக்கொண்டது. எனக்குக் கேமரா பிடிக்கக் கற்றுக்கொடுத்தவன் அவன். என் மகள் தவழ்ந்ததையும் நடந்ததையும் படம் எடுத்தவன் அவன்.

அந்த மகள் படிக்க வெளியூர் கிளம்பிய காலையில் வாசலில் நிறுத்தி ஒரு படம் எடுத்தேன். முகத்தில் பாதியைக் கதவு மறைத்திருக்கும். சிரிப்பும், பெட்டியைப் பிடித்த கையும் மட்டும் தெரியும். என் வாழ்நாளிலேயே நல்ல படம் என்று நினைத்துக் குழுவில் போட்டேன். அதன் கீழே வெளிச்சம் எழுதினான்:

"பல்லு மட்டும்தான் சிரிக்குது. கையப் பாருங்க, பெட்டிய எப்படி இறுக்கிப் பிடிச்சிருக்கு. எப்படா இந்த வீட்ட விட்டுக் கிளம்புவோம்னு நிக்குது இந்தப் பொண்ணு. எடுத்தவருக்கு அது தெரியல. இல்ல, தெரிஞ்சும் சிரிக்கச் சொல்லியிருக்காரு."

நீங்கள் எல்லோரும் அதற்கு விருப்பம் போட்டீர்கள். மறுநாள் என் பெயர் தெரிந்ததும் அவன் போன் செய்தான்.

"டேய் பல்லு, அது நம்ம குட்டியாடா? அடப்பாவி, எனக்குத் தெரியவே இல்லடா."

"பரவால்ல விடு. அந்தக் கருத்த எடுத்துடுறியா?"

"எடுத்துடலாம்தான். ஆனா பேரு தெரிஞ்சதும் எடுக்கறதுன்னா, அப்புறம் எதுக்குடா அப்படி ஒரு விதி வச்ச?" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். சிரிப்பு என் தொழில், சரக்குக்குப் பஞ்சமில்லை.

பிறகு, விருப்பம் போட்டவர்களின் பெயர்களைப் பார்த்தேன். என் மகளின் பெயரும் இருந்தது.

நிர்வாகிகளுக்கென்று ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் ஒருவர் போடுவதெல்லாம் அவருடைய போனிலும் நிர்வாகியின் போனிலும் மட்டும் தெரியும், மற்ற யாருக்கும் தெரியாது. விளம்பரம் போட்டுத் தொல்லை செய்கிறவர்களுக்காக வைத்தது. வெளிச்சத்தின் பெயரில் அதைத்தான் அழுத்தினேன். கோபத்தில் அழுத்தவில்லை. தேநீர் குடித்து, தம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்துதான் அழுத்தினேன்.

அவன் படம் போட்டுக்கொண்டே இருந்தான். ஒரு நாள் பட்டறைக்கே வந்து, ஈரம் காயாத பல்வரிசைகளுக்கு நடுவே உட்கார்ந்தான்.

"யாரும் எதுவும் சொல்றதில்லடா. திட்டவாவது செய்யலாம்ல? பொணத்தக்கூட நாலு பேரு எட்டிப் பாப்பாங்க."

"எல்லாருக்கும் வேலை இருக்கும்டா."

"உண்மையச் சொல்லு பல்லு. எனக்குக் கண்ணு போயிடுச்சா?"

எனக்கு மனது கேட்கவில்லை. நான் இளகின மனசுக்காரன். என்னைப் பற்றி வேறெதையும் ஒப்புக்கொள்ளாத என் மனைவிகூட அதை ஒப்புக்கொள்வாள். அதனால் அவனுக்காகக் குழுவில் பொய்ப்பெயர்களில் சில ஆட்களை உண்டாக்கினேன். ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர், ஓவிய டீச்சர் ஒருவர். என் கையால் அவர்கள் அவனுக்குக் கருத்து எழுதினார்கள். தரக்குறைவாக ஒரு சொல் கிடையாது. "நுட்பம் சரி, உயிர் இல்லை." "போன படத்துக்கு இது தேவலை." நியாயம் வேண்டுமே என்று ஒரு வெற்றுச் சுவரின் படத்தை மட்டும் டீச்சர் மனதாரப் பாராட்டினார். அதற்குப் பிறகு அவன் சுவர்களாக எடுக்க ஆரம்பித்தான்.

கல்யாணங்களில் தடுமாறினான் என்று அவன் மனைவி என் மனைவியிடம் சொல்லி அழுதாளாம். "பொண்ணும் மாப்பிள்ளையும் சிரிக்கற நேரத்துல கேமராவக் கீழ இறக்கிட்டு நிக்கிறாரு அக்கா. எடுத்தா தப்பாயிடுமோங்கறாரு." வாய்ப்புகள் நின்றன. ஸ்டுடியோ இருந்த இடத்தில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். அவன் ஒரு பார்சல் அலுவலகத்தில் எடை போடுகிறான்.

கடைசியாக அவன் ஒரு பதிவு போட்டான். படம் இல்லை, எழுத்து மட்டும். "கேமராவ வித்துடலாம்னு இருக்கேன். வேண்டாம்னு யாராவது ஒருத்தர் சொன்னாப் போதும், வச்சுக்கறேன்."

அதைப் படிக்க முடிந்தவன் நான் ஒருவன். ஒரு சொல்தான், தட்டச்சு செய்யவும் தொடங்கினேன். ஆனால் படம் இல்லாத பதிவுக்கு நம் குழுவில் இடமில்லை என்பது விதி. நண்பன் என்பதற்காக அதைத் தளர்த்தினால் பாரபட்சம் ஆகிவிடாதா? பதிவை நீக்கிவிட்டேன். கேமரா அந்த வாரமே கைமாறியது.

போன மாதம் உங்களில் ஒருவர் பார்சல் அனுப்பப் போனபோது அவனை அடையாளம் கண்டு, "ஏன் சார் படம் போடறத நிறுத்திட்டீங்க?" என்று கேட்டிருக்கிறார். "கேமராவ விக்கிற வரைக்கும் போட்டுட்டுதானே இருந்தேன், நீங்கதான் யாரும் பாக்கல" என்றிருக்கிறான் அவன். எடைத் தராசின் பக்கத்தில் இரண்டு போன்களையும் வைத்துப் பார்த்திருக்கிறார்கள்.

ஆமாம், எல்லாம் நான் செய்ததுதான். நீங்கள் கேட்டபடி அவன் படங்களைத் திறந்துவிட்டேன். இப்போது வரிசையில் நின்று பாராட்டுகிறீர்கள். அவன் அதைப் பார்த்ததாகத் தெரியவில்லை. மகள் அவனிடம் போனில் பேசினாளாம், என்னிடம் பேசவில்லை. அவனும் என்னைத் திட்டக்கூட இல்லை, தன் போனில் என் எண்ணைத் தடுத்துவிட்டான்.

அதுதான் எனக்கு ஆறவில்லை. நீங்கள் யாரும் சீந்தாத காலத்தில் அவன் படங்களை ஒன்றுவிடாமல் பார்த்தவன் நான் ஒருவன்தான். அதற்கு ஒரு வார்த்தை நன்றி சொல்ல அவனுக்குத் தோன்றவில்லை.