ஜன்னல் சீட்டு

செஞ்சி பஸ் நிலையத்தில் அமாவாசைக் கூட்டம். மேல்மலையனூர் ஸ்பெஷலுக்காக எனக்கு முன்னால் நின்றவரின் பெட்டிக் கைப்பிடியில் விமான நிலைய டேக் இன்னும் தொங்கியது. எலுமிச்சம்பழப் பையோடு பக்கத்தில் நின்ற அம்மாளிடம் அவர் குறைபட்டுக்கொண்டிருந்தார்.

"கம்பெனி வேலையா மாசத்துல எட்டு தடவ பிளைட்டு ஏறுறேங்க்கா. ஜன்னல் சீட்டுக்குத் தனியா காசு கேக்குறான்."

"ஜன்னல தெறந்து வுடுவானா?"

"பிளைட்டுல எப்டிக்கா தெறக்கறது?"

"அப்ப இன்னாத்துக்குக் காசு?"

அவர் பேச்சை மாற்றினார்.

"எனக்கு கோல்டு கார்டு குடுத்திருக்கான். நான்தான் மொதல்ல ஏறுவேன்."

"மொதல்ல ஏறுனா மொதல்ல போய்ச் சேந்துருவியா?"

"இல்லக்கா. எல்லாரும் ஒண்ணாதான் போய்ச் சேருவோம்."

பஸ் உள்ளே திரும்பியது. அவர் விமானத்தில் பழகிய பழக்கத்தில் வாசலருகே நின்று, இறங்குகிறவர்களுக்கெல்லாம் வழிவிட்டார். அந்த அம்மாளோ பஸ் நிற்பதற்குள் கூடவே ஓடி, திறந்திருந்த ஜன்னல் வழியாக ஓரச் சீட்டில் துண்டையும் அடுத்ததில் எலுமிச்சம்பழப் பையையும் போட்டுவிட்டார்.

நாங்கள் ஏறும்போது நிற்கத்தான் இடமிருந்தது.

"தம்பி, இங்க வா! ஒனக்கும் சேத்துதான் புடிச்சேன்," என்று அம்மாள் கூப்பிட்டார்.

அவர் முகமெல்லாம் சிரிப்பாக வந்து, துண்டு கிடந்த ஜன்னல் சீட்டுக்குள் நுழையப் பார்த்தார். அம்மாள் குறுக்கே கை வைத்தார்.

"ஜன்னலா? அதுக்குத் தனியா காசு ஆவும்."