தையலுக்கு ஓரம்

"நடுவுல தையலுக்கு ஓரம் விட்டியா, புள்ள?"

எண்பதுகளின் கடைசியில், செம்பூரிலிருந்து தாராவிக்கு மழையில் ஊர்ந்த பஸ்ஸில், முன் சீட்டில் கேட்ட குரல் அது. தோல்பைப் பட்டறைக்காரர், நகமெல்லாம் சாயம். மடியில், நனையாமலிருக்க லுங்கியில் சுற்றிய புது ஹார்ட் டிஸ்க். பக்கத்தில் அவர் மனைவி அதன் இடத்தை இரண்டாகப் பிரித்து நோட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

"இது தோலா மச்சான், ஓரம் விட? மொத்தம் நாப்பது மெகாபைட். ஒரே துண்டா முப்பத்திரெண்டுக்கு மேல கம்ப்யூட்டர் ஏத்துக்காது. அந்த முப்பத்திரெண்டு பட்டறைக்கு. மிச்ச எட்டு, நம்ம சந்துப் பொம்பளப் புள்ளைகளுக்கு நான் கிளாஸ் எடுக்க."

"பொறவு மாத்தலாமா?"

"மாத்துனா உள்ள இருக்கது எல்லாம் அழிஞ்சிரும். இப்பவே பக்காவாச் சொல்லிருங்க."

கத்தி வைக்குமுன் தோலைப் பார்ப்பதுபோல அவர் நோட்டையே பார்த்தார். பஸ் சயானில் நின்று கிளம்பியது.

"பெருச நீ எடுத்துக்க. என் பை மாடலெல்லாம் எட்டுல அடங்கிரும். உன் புள்ளைக வர வரக் கூடுமுல்லா."

"பட்டறைக்குத்தானே வாங்குனோம்?"

"பட்டறையிலதானே இருக்கப்போவுது. எழுது."

அவள் பழைய கோட்டை அடித்தாள். புதிதாக ஒன்றல்ல, இரண்டு கோடு போட்டாள்.

"நடுவுல என்ன, ஒரு மெகாபைட் காலியா கெடக்கு?"

"தையலுக்கு, மச்சான்."