வியாழக்கிழமைச் சந்திப்பு

தேநீர் வேண்டாம் இன்ஸ்பெக்டர் ஐயா. தவறாக நினைக்காதீர்கள். எங்கள் சபையில் சேராதவர்களோடு ஒரே மேசையில் நாங்கள் எதுவும் சாப்பிடுவதில்லை. இந்த ஸ்காட்லாந்துக் கரையில் எங்கள் மீனவக் குடும்பங்கள் மூன்று தலைமுறையாக இப்படித்தான்.

எல்ஸ்பெத் மீறியதும் இதைத்தான். சபையை விட்டுப் போன தங்கை வீட்டில் ஒரு கிண்ணம் மீன் சூப் குடித்துவிட்டாள். யாரும் பார்க்கவில்லை, அவளே வந்து சொன்னாள். மூப்பர்களான நானும் அலெக் மேரும் அவளை அடைத்து வைத்தோம். அதாவது, அவள் மாடியறையில் தனியாக இருப்பாள். கணவன் டங்கனும் இரண்டு பெண்பிள்ளைகளும் கீழே சாப்பிடுவார்கள். அவள் தட்டு கதவுக்கு வெளியே வைக்கப்படும். மூப்பரைத் தவிர யாரும் அவள் முகம் பார்க்கக் கூடாது. மனந்திரும்பிவிட்டாள் என்று நாங்கள் சொன்னால் இறங்கி வரலாம். பூட்டு போடவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். எங்களுக்குப் பூட்டு தேவைப்பட்டதே இல்லை.

வியாழன்தோறும் போய்ப் பார்ப்பேன். அலெக்குக்கு முழங்கால் வலி, படியேற மாட்டார். நான் சொல்வதுதான் அவர் சொல்வதும். இரண்டாம் வாரமே அவள் முட்டிபோட்டு அழுதாள்.

"போதும்ணே. சின்னவளுக்கு அவங்கப்பா தலை பின்னினா கோணலா இருக்குமாம், பள்ளிக்கூடத்துல சிரிக்கிறாங்களாம். இன்னிக்கு இறங்கி வரட்டுமா?"

"துக்கம் இன்னும் ஆழமா வரல எல்ஸ்பெத். அடுத்த வாரம் பாப்போம்."

கீழே டங்கன் தொப்பியைக் கையில் பிடித்து நின்றான். புயலில் படகோட்டுகிறவன், என் முன்னால் குரல் எழாது. உன் மனைவி இன்னும் நொறுங்கவில்லை என்றேன். நீங்கள் சொன்னால் சரிதான் என்றான்.

ஏழு மாதம் அப்படிப் போனது. குளிர்காலத்தில் அவளுக்கு இருமல் வந்தது. கைக்குட்டையில் ரத்தம் பார்த்தேன். அவள் அதை மடியில் ஒளித்தாள். ஆண்டவரின் தண்டனை என்று சொல்லி அடைப்பு நாட்களைக் கூட்டிவிடுவேனோ என்று அவளுக்குப் பயம்.

"ராப்பகலா இருமுறா அண்ணே. டாக்டரைக் கூப்பிடட்டா?" என்று டங்கன் கேட்டான்.

"சும்மா சளிதான்."

நா கூசாமல் சொன்னேன். அடுத்த வாரமும், அதற்கடுத்த வாரமும் சொன்னேன். அவளைப் பார்க்க அனுமதி உள்ளவன் நான் ஒருவன்தான் என்பதால் அவன் நம்பினான். நான்காம் வியாழன் போனபோது, பிள்ளைகள் காலையில் வைத்த ஓட்ஸ் கஞ்சி கதவடியில் ஆறிக் கிடந்தது. உள்ளே அவள் சுவரைப் பார்த்துச் சுருண்டிருந்தாள். உடம்பு சில்லிட்டுவிட்டது.

சபையின் ஒழுங்கைக் காப்பாற்றினேன் என்று நேற்று எழுதிக் கொடுத்தேன். அதைக் கிழித்துவிடுங்கள். இரண்டாம் வாரம் அவள் அழுத அழுகை உண்மையானது. அப்போதே எனக்குத் தெரியும்.

என் மனைவி இறந்து பதினோரு வருடம் ஆகிறது. நான் படியேறும் சத்தத்துக்கு இந்த உலகத்தில் காதைத் தீட்டிக் காத்திருந்தவள் எல்ஸ்பெத் ஒருத்திதான். மன்னித்தால் அவள் பிள்ளைகளிடம் போய்விடுவாள்.

அதனால் மன்னிக்கவில்லை.